முதல் டிகாக்ஷன்

புது ஃபில்டரில் இறங்கும் முதல் டிகாக்ஷனை யாரும் குடிப்பதில்லை. அதில் இரும்பு வாடை இருக்கும். ஒரு முறை இறக்கிக் கொட்டிவிட்டு, ஃபில்டரைக் கழுவி, இரண்டாம் முறை இறங்குவதைத்தான் பாலில் கலக்க வேண்டும். ஆர்த்திக்கு அது தெரியும். அதனால் கடைத் திறப்பு நாளன்று விடிவதற்கு முன்பே வந்து, பெரிய ஃபில்டரில் தூளைப் போட்டு, கொதிக்கும் தண்ணீரை ஊற்றி மூடி வைத்தாள்.

ரமணாசிரமத்துக்கு எதிர்ப்புறம் செங்கம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது கடை. நான்கு மேசை, பன்னிரண்டு நாற்காலி, பின்னால் ஒரு சமையல் மேடை, அதற்கும் பின்னால் ஒரு சின்ன அறை. ஆர்த்தியும் அவள் கணவன் குமரேசனும் சேர்ந்தே சுவருக்கு வண்ணம் அடித்தார்கள். குமரேசன் எட்டு வருடம் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவன். அந்த வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பி வந்து காபிக் கடை வைக்கப்போவதாக அவன் சொன்னபோது, அவன் அப்பா முருகவேல் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார்.

"காபி ஆத்தறதுக்கா உன்னைப் படிக்க வெச்சேன்?"

அதற்குப் பிறகு ஐந்து மாதம் அவர் மகனிடம் பேசவில்லை. அடி அண்ணாமலையில் அவருக்கு ஒன்றரை ஏக்கர் நிலம், அதில் சாமந்தி. மகனுக்குச் சொல்ல வேண்டியது எதுவானாலும் மருமகளிடம் சொல்வார். "அவன்கிட்ட சொல்லும்மா, மோட்டார் ரிப்பேரு." "அவனைக் கேளும்மா, ரேஷன் கார்டு எங்க வெச்சான்னு." குமரேசன் அதே அறையில் உட்கார்ந்திருப்பான்.

ஆனாலும் திறப்பு விழாவன்று ஐந்தரைக்கெல்லாம் அவருடைய மொபெட் சந்துக்குள் வந்து நின்றது. முன்னால் ஒரு மூட்டை, பின்னால் ஒரு மூட்டை, இரண்டும் சாமந்தி. யாரும் கேட்கவில்லை. இறக்கி வைத்துவிட்டு வாசல் படியில் உட்கார்ந்து தோரணம் கட்ட ஆரம்பித்தார்.

அவர் காலடியில் போய்ப் படுத்தது சிக்கரி.

சிக்கரி கடையோடு வந்த நாய். இவர்கள் சாவி வாங்கிக்கொண்டு முதன்முதலாகக் கதவைத் திறந்தபோது, கறுப்பும் பழுப்புமாக அது வாசலை அடைத்துக்கொண்டு தூங்கியது. எழுந்து வழிவிட்டது, திரும்பவும் அதே இடத்தில் படுத்துக்கொண்டது. அன்றே குமரேசன் அதற்குப் பெயர் வைத்துவிட்டான். வேங்கிக்கால் பக்கம் இருந்த ஒரு நாய் டாக்டரிடம் கூட்டிப்போய் ஊசி போட்டு, கழுத்துக்குப் பட்டை வாங்கிக் கட்டினார்கள். எடை பதினாறு கிலோ என்று அங்கே ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தார்கள்.

உள்ளே பால் பாத்திரத்தை விளக்கிக்கொண்டிருந்த ஆர்த்திக்கு, வாசலில் மாமனார் பேசுவது கேட்டது.

"இன்னாடா, உன் மொதலாளி குளிக்கப் போயிருக்கானா? நல்லா நேரத்துக்கு எழுந்துக்கறானா? சாப்பாடு போடறானா உனக்கு? வயிறு ஒட்டித்தான் கெடக்குது."

சிக்கரி வாலால் தரையைத் தட்டியது.

"நீதான்டா என்னை வான்னு கூப்பிட்டவன்," என்றார் முருகவேல்.

ஆர்த்தி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். ஆறரைக்கு முதல் டிகாக்ஷன் முழுவதும் இறங்கிவிட்டது. ஒரு சொம்பு நிறைய, கறுப்பாக, கெட்டியாக. அதை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"மாமா, இதைக் கால்வாயில ஊத்திடுங்க. குடிச்சிடாதீங்க, இரும்பு வாடை வரும்."

"இம்மாந் தூளு போட்டு எறக்கினதையா கொட்டச் சொல்ற?"

"ஆமா மாமா. மொத வாட்டி அப்படித்தான்."

அவர் சொம்பை வாங்கிக்கொண்டார். அவள் உள்ளே போய், ஃபில்டரில் மீந்த சக்கையைக் கொல்லைப்பக்கம் ஒரு பக்கெட்டில் தட்டினாள். செம்பருத்திச் செடிக்குப் போடலாம் என்று எண்ணம். பிறகு ஃபில்டரைக் கழுவி, புதிதாகத் தூள் போட்டாள். அந்த வாசனை கடை முழுக்கப் பரவியது. குளித்துவிட்டு வந்த குமரேசன் வாசலிலேயே நின்று மூச்சை இழுத்தான்.

"ஆர்த்தி, இது நம்ம கடைதானா?"

"நம்ம கடைதான். அந்த நாற்காலியெல்லாம் துடைங்க."

ஏழரைக்கு அவள் கொல்லைப்பக்கம் போனபோது பக்கெட் கவிழ்ந்து கிடந்தது. சக்கை தரையெல்லாம் இறைந்திருந்தது. நடுவில் சிக்கரி, மீசையெல்லாம் காபித் தூளோடு, ஒன்றும் தெரியாதவன் முகத்தோடு நின்றது. ஆர்த்திக்குக் கோபம் வரவில்லை. போனை எடுத்து ஒரு படம் பிடித்துக் குமரேசனிடம் காட்டினாள்.

"பாருங்க, நம்ம மொத கஸ்டமர்."

குமரேசன் அந்தப் படத்தை நண்பர்கள் பத்துப் பேருக்கு அனுப்பினான்.

கால் மணி நேரத்தில் சிக்கரி ஓட ஆரம்பித்தது. நான்கு மேசைகளையும் சுற்றியது, வாசலுக்குப் போனது, திரும்பி வந்து மறுபடியும் சுற்றியது. "அவனுக்கும் குஷி," என்றான் குமரேசன். பத்தாவது சுற்றில் அவன் சிரிப்பு நின்றது. நாய் விளையாடவில்லை. அதற்கு நிற்க முடியவில்லை. நாக்கு நீண்டு தொங்க மூச்சு வாங்கியது. சமையல் மேடைக்குக் கீழே போய் வாந்தி எடுத்தது. எடுத்துவிட்டு எழுந்தபோது பின்னங்கால் இரண்டும் வெடவெடவென்று நடுங்கின.

ஆர்த்தி மண்டியிட்டு அதன் நெஞ்சில் கை வைத்தாள். உள்ளங்கைக்கு அடியில் துடிப்பு எண்ண முடியாத வேகத்தில் ஓடியது.

"டாக்டருக்குப் போன் போடுங்க," என்றாள்.

வேங்கிக்கால் டாக்டர் அருணாதேவி போனை எடுத்தார். காபிச் சக்கை தின்றுவிட்டது என்று குமரேசன் சொன்னதும், "உடனே இங்க கூட்டிட்டு வந்துடுங்க. வாந்தி எடுக்க வைக்கிறேன்னு உப்புத் தண்ணி கிண்ணி ஊத்தாதீங்க. பாலு, எண்ணெய் எதுவும் வேணாம். கிளம்புங்க," என்றார்.

முருகவேல் அதற்குள் ஒரு சொம்பு மோரோடு வந்து நின்றிருந்தார்.

"எதுவும் குடுக்க வேணாமாம் மாமா."

"காபி குடிச்சா நாய்க்கு இன்னா ஆவும்? எங்க நெலத்துல இருந்துச்சே ஒண்ணு, அது தெனம்..." என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். சிக்கரியின் காலைப் பார்த்தார். சொம்பை மேசைமேல் வைத்தார். அவர் முகம் ஏன் அப்படி மாறியது என்று யோசிக்க ஆர்த்திக்கு நேரமில்லை.

திறப்புக்குக் குறித்த நேரம் ஒன்பதிலிருந்து பத்தரை. மணி எட்டு. சொந்தக்காரர்கள் கிளம்பியிருப்பார்கள்.

"நீ இரு, நான் போய்ட்டு வரேன்," என்றான் குமரேசன்.

"நீங்க ஒருத்தரா பிடிக்க முடியாது. திமிறுறான் பாருங்க."

முருகவேல் மருமகளைப் பார்த்துச் சொன்னார். "ரெண்டு பேரும் போங்கம்மா. நான் இருக்கேன்."

"வரவங்களுக்குக் காபி?"

"போடறேன்."

"உங்களுக்குப் போடத் தெரியாதே மாமா."

"உங்க அத்தை வந்துடுவா. போங்க."

சந்து முனையில் சடையனின் ஆட்டோ நின்றது. சிக்கரியைப் பழைய போர்வையில் சுற்றி, ஆர்த்தி தலைப்பக்கமும் குமரேசன் கால்பக்கமும் பிடித்துக்கொள்ள, சடையன் ஒரு சிக்னலிலும் நிற்காமல் ஓட்டினான். ஆர்த்தி அன்று உடுத்தியிருந்தது கடைத் திறப்புக்கென்று எடுத்த மாம்பழ நிறப் பட்டு. அதில் நாயின் எச்சில் கோடு கோடாக இறங்கியது. அவளுக்கு அது கண்ணிலேயே படவில்லை.

டாக்டர் அருணாதேவிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பத்து மணிக்குத் திறக்கும் கிளினிக்கை அவர் இவர்களுக்காக முன்பே திறந்து வைத்திருந்தார். தலையில் ஈரத்துண்டு இன்னும் அவிழ்க்கவில்லை. சிக்கரியை மேசையில் கிடத்தி, நெஞ்சுக் குழாயை வைத்துக் கேட்டார். சூடு பார்த்தார். கண்ணில் டார்ச் அடித்தார்.

"சக்கை எத்தனை மணிக்குத் தின்னுச்சு?"

"ஏழரை இருக்கும்."

"எவ்வளவு?"

"பக்கெட்டுல இருந்தது பாதிக்கு மேல தரையிலதான் கெடந்துது," என்றாள் ஆர்த்தி. "தப்பு என்னோடதுதான் மேடம். மூடி வெச்சிருக்கணும்."

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். அவர் புருவம் சுருங்கியது.

"சக்கை வயித்துல ஊறி மெதுவாத்தான் வேலை செய்யும். பத்து, பதினஞ்சு நிமிஷத்துல இப்படித் தூக்கிப் போடாது. வேற ஏதோ உள்ள போயிருக்கு. கடையில எலி மருந்து வெச்சீங்களா?"

"நாங்க வெக்கல."

"உங்களுக்கு முன்னாடி இருந்தவங்க?"

குமரேசனுக்குத் தெரியவில்லை. கடை பல மாதம் பூட்டிக் கிடந்த இடம்.

"நடுக்கத்தை நிறுத்த ஊசி போடறேன். டிரிப்பும் ஏத்தறேன். ஆனா எலி மருந்துன்னா அதுக்கு வைத்தியம் வேற. எதுன்னு தெரிஞ்சா நேரா அதைப் பார்க்கலாம். தெரியலன்னா இருட்டுல தடவுற மாதிரி. யாரையாவது கேளுங்க, சீக்கிரம்."

கட்டடக்காரர் போனை எடுக்கவில்லை. கடையில் இருந்தது அப்பா மட்டும்தான். குமரேசன் போனில் அந்தப் பெயரைப் பார்த்தபடி ஒரு நொடி நின்றான். பிறகு அழுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி மேசைமேல் வைத்தான்.

"அப்பா. கொல்லைப்பக்கம், மேடைக்குக் கீழ, எங்கனா எலி மருந்து கெடக்குதா பாரு. டாக்டர் கேக்கறாங்க."

அந்தப் பக்கத்தில் நாற்காலி இழுக்கும் சத்தமும், யாரோ வணக்கம் சொல்வதும் கேட்டது.

"அப்பா?"

"எலி மருந்து இல்லடா."

"பாத்துட்டியா?"

"பாக்க வேணாம். நான்தான்." அவர் குரல் தழைந்தது. "ஆர்த்தி கொட்டச் சொல்லிச்சு இல்ல, அந்த டிகாக்ஷன். கொட்ட மனசு வரல. பாலு ஊத்தி, வெல்லம் போட்டு அவனுக்கு வெச்சேன். நக்கி நக்கிக் குடிச்சான். குடிச்சிட்டு என்னையே பாத்தான். இன்னொரு வாட்டியும் வெச்சேன்."

ஆர்த்தி சிக்கரியின் காதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டாக்டர் போனுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"ஐயா, நான் டாக்டர் பேசறேன். எத்தனை மணிக்குக் குடுத்தீங்க? எவ்வளவு டிகாக்ஷன் இருக்கும்?"

"ஆறே முக்காலுங்க. தோரணம் கட்டி முடிச்சப்பால. பெரிய டம்ளர்ல ரெண்டு. பாலு கம்மிதான், டிகாக்ஷன்தான் ஜாஸ்தி."

"சரி. போதும்."

"இவங்க கெளம்பறப்பவே சொல்லியிருக்கணும் டாக்டரம்மா. வாயி வரல. நல்ல நாளும் அதுவுமா... தெரிஞ்சு செய்யலீங்க."

"தெரிஞ்சு யாருங்க செய்வாங்க? இப்ப சொன்னீங்களே, அதுதான் பெரிய உதவி. எலி மருந்துன்னு நெனச்சு நான் வேற பக்கம் போயிருப்பேன். நீங்க கடையைப் பாருங்க, நாங்க இவனைப் பாக்கறோம்."

அதன் பிறகு டாக்டரின் கை மளமளவென்று ஓடியது. நடுக்கத்துக்கு ஒரு ஊசி. நெஞ்சுத் துடிப்பைக் குறைக்க இன்னொன்று. முன்னங்காலில் டிரிப். நடுக்கம் அடங்கியதும், வயிற்றில் மீந்திருப்பதை உறிஞ்சிக்கொள்ளட்டும் என்று கரிப்பொடியைத் தண்ணீரில் கரைத்து, சிறிது சிறிதாக உள்ளே செலுத்தினார். சிக்கரியின் வாயும் மீசையும் மை பூசியது போல் ஆயின. விளக்கை அணைத்து, ஜன்னல் திரையை இழுத்துவிட்டார்.

"நமக்கு ஒரு டம்ளர் காபின்னா ஒரு சுறுசுறுப்பு, அவ்வளவுதான்," என்றார் தணிந்த குரலில். "நாயோட உடம்புக்கு அதுல இருக்கிற கேஃபீனைத் தாங்க முடியாது. நெஞ்சு ஓட ஆரம்பிச்சா நிக்காது, வலிப்பு வரைக்கும் போகும். ரெண்டு கிலோ, மூணு கிலோ நாய்க்குட்டியா இருந்தா உயிரே போயிடலாம். காபி, டீ, சாக்லேட், எதுவுமே ஒரு வாய் கூடக் குடுக்கக் கூடாது."

"எங்க மாமாவோட நெலத்துல ஒரு நாய் தெனம் குடிச்சுதாமே மேடம்."

"டம்ளர் கழுவின தண்ணி மாதிரி ஏதோ ஊத்தியிருப்பாங்க. தப்பிச்சிருக்கு. அதைக் கணக்கா வெச்சிக்கக் கூடாது."

ஆர்த்தியும் குமரேசனும் தரையில் சுவரோரம் உட்கார்ந்தார்கள். ஒன்பது அடித்தது. ஒன்பதரை ஆனது. கடை திறந்திருக்கும். ஐந்து மாதமாக அவர்கள் நினைத்து நினைத்துப் பார்த்த நேரம் அது. அவர்கள் ஒரு இருட்டறையில், டிரிப் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆர்த்தியின் போன் அதிர்ந்தது. மாமியார் தங்கம்மாள் ஒரு படம் அனுப்பியிருந்தார். முருகவேல், தோளில் துண்டோடு, மேடைக்குப் பின்னால் நின்று காபி ஆற்றுகிறார். டம்ளர் தலைக்கு மேலே, டவரா இடுப்புக்குக் கீழே, நடுவில் ஒரு நீண்ட பழுப்புக் கோடு. நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தார். முன்னால் வரிசை.

குமரேசன் போனை வாங்கி வெகுநேரம் பார்த்தான்.

"காபி ஆத்தறதுக்கா உன்னைப் படிக்க வெச்சேன்னு கேட்டாரு," என்றான்.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. ஆர்த்திக்கும் வந்தது. சத்தம் வெளியே வராமல் இருக்க இருவரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். தோள் குலுங்கியது.

அடுத்து தங்கம்மாளே பேசினார். "ஆர்த்தி, உங்க மாமா பண்ற கூத்தைக் கேளு. வரவங்க ஒவ்வொருத்தருக்கும் நாய் கதையைச் சொல்லிட்டுத்தான் டம்ளரைக் கையில குடுக்கறாரு. என் தப்புதான், என் தப்புதான்னு பத்து வாட்டி சொல்லிட்டாரு. சனம் காபி குடிச்சிட்டுப் போவாம உக்காந்துனு இருக்குது, நாய் எப்படி இருக்குன்னு தெரிஞ்சிக்க. இன்னான்னு சொல்லட்டும்?"

ஆர்த்தி எழுந்து பார்த்தாள். சிக்கரியின் நெஞ்சு இன்னும் வேகமாகத்தான் ஏறி இறங்கியது. ஆனால் கால் நடுங்கவில்லை. அது கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தது.

"நடுக்கம் நின்னுடுச்சுன்னு சொல்லுங்க அத்தை."

தங்கம்மாள் அதைத் திரும்பிச் சொன்னதும் அங்கே ஒரு கூட்டமே ஓவென்று கத்தியது போனில் கேட்டது.

பன்னிரண்டு மணிக்கு டாக்டர் மறுபடியும் நெஞ்சுக் குழாயை வைத்தார். நிமிர்ந்து சிரித்தார்.

"இறங்கிடுச்சு. நல்லா இறங்கிடுச்சு. இன்னும் ஒரு வேலைதான் பாக்கி. அது உங்க கையிலதான் இருக்கு."

"என்ன மேடம்?"

"ஒண்ணுக்குப் போக வைக்கணும். இந்தக் கேஃபீன் மூத்திரத்துல தேங்கி நின்னா, அங்கிருந்தே திரும்ப உடம்புக்குள்ள ஊறும். அடிக்கடி வெளிய போயிடணும். அவ்வளவு தண்ணி ஏத்தியிருக்கோம், பை நெறைஞ்சிருக்கு. மெதுவா நடத்திட்டு வாங்க. போகலன்னா குழாய் போட்டுத்தான் எடுக்கணும்."

டிரிப்பைக் கழற்றி, கிளினிக் வாசலுக்கு அழைத்து வந்தார்கள். சிக்கரி தள்ளாடி நடந்தது. முதலில் ஒரு வேப்பமரம் காட்டினார்கள். முகர்ந்தது, நகர்ந்தது. மின்கம்பம் காட்டினார்கள். முகரக்கூட இல்லை. காம்பவுண்டுச் சுவர், குப்பைத் தொட்டி, யாரோ கொட்டி வைத்திருந்த மணல். எல்லா இடத்திலும் சிக்கரி கல்யாணத்துக்கு வந்த மாப்பிள்ளை வீட்டார் போல மரியாதையாக நின்று, அடுத்தது என்ன என்று இவர்கள் முகத்தைப் பார்த்தது.

"பழகாத இடம். வெக்கப்படறான்," என்றாள் ஆர்த்தி.

"வெக்கப்பட இதா நேரம்?"

குமரேசன் வாயால் சீட்டியடித்துப் பார்த்தான். ஒரு பாட்டிலில் தண்ணீர் எடுத்துச் சுவரில் மெல்ல ஊற்றிப் பார்த்தான். கடைசியில் சுற்றும்முற்றும் யாருமில்லை என்று உறுதி செய்துகொண்டு, பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, மின்கம்பத்துக்கு நேராக ஒரு காலைத் தூக்கிக் காட்டினான்.

சிக்கரி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டது.

ஆர்த்தி சிரித்துச் சிரித்து நிற்க முடியாமல் கிளினிக் படியில் உட்கார்ந்துவிட்டாள். ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த டாக்டரும் திரைக்குப் பின்னால் மறைந்துகொண்டார்.

முக்கால் மணி நேரம் இப்படியே போனது. டாக்டர் வந்து, "இன்னும் பத்து நிமிஷம் பாக்கலாம். இல்லன்னா குழாய்தான்," என்று சொல்லிவிட்டு உள்ளே திரும்பும்போது, ரோட்டில் மொபெட் சத்தம் கேட்டது.

முருகவேல் வந்தார். வெள்ளைச் சட்டையெல்லாம் காபிக் கறை. முன்னால் ஒரு பிளாஸ்க் தொங்கியது. வண்டியை நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றினார். இறங்கத் தைரியம் வரவில்லை போலிருந்தது. நாயையே பார்த்தபடி சீட்டில் இருந்தார்.

சிக்கரியின் காது நிமிர்ந்தது. மெல்ல நடந்து அவரிடம் போனது. அவர் கையை முகரவில்லை. வண்டியின் முன்சக்கரத்தை முகர்ந்தது. அடி அண்ணாமலையிலிருந்து வேங்கிக்கால் வரை வழியில் இருக்கும் அத்தனை நாய்களின் சேதியும் அந்தச் சக்கரத்தில் ஒட்டியிருக்க வேண்டும். மேலிருந்து கீழ் வரை, விட்ட இடத்திலிருந்து மறுபடியும், நிதானமாக வாசித்தது. பின்சக்கரத்தையும் ஒரு பார்வை பார்த்தது. திரும்பி முன்சக்கரத்துக்கே வந்து, பின்னங்காலைத் தூக்கியது.

யாரும் மூச்சுவிடவில்லை.

சக்கரத்தில் பட்டுத் தெறித்தது முருகவேலின் செருப்பில் விழுந்தது, வேட்டி ஓரத்தை நனைத்தது. அவர் காலை எடுக்கப் போனார்.

"ஆடாதப்பா," என்றான் குமரேசன், மெதுவாக. "காலை எடுத்துடாத. நிறுத்திடுவான்."

"நான் ஆடலடா," என்றார் முருகவேல், உதடு மட்டும் அசைய.

"அப்படியே இரு."

"இருக்கேன், இருக்கேன். அவன் போவட்டும்."

சிக்கரி போய்க்கொண்டே இருந்தது. முடிந்துவிட்டது என்று நினைத்தார்கள், முடியவில்லை. ஒரு வழியாகக் காலை இறக்கி, உடம்பை ஒரு உலுக்கு உலுக்கி, கரி அப்பிய வாயோடு முருகவேலை நிமிர்ந்து பார்த்து வாலை ஆட்டியது. டாக்டர் அருணாதேவி வாசலில் நின்று கை தட்டினார். பக்கத்து மருந்துக்கடையிலிருந்து எட்டிப் பார்த்த இரண்டு பேர், காரணம் தெரியாமலேயே அவர்களும் தட்டினார்கள்.

முருகவேல் வண்டியைச் சாய்த்து நிறுத்திவிட்டு, நனைந்த வேட்டியோடு அப்படியே தரையில் உட்கார்ந்தார். சிக்கரி அவர் மடியில் தலையை வைத்தது. அவர் அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். நிமிராமல், "உன் நாயைக் கொல்லப் பாத்தேன்டா குமரேசா," என்றார்.

"நீ சொல்லலன்னா அவன் பிழைச்சிருக்க மாட்டான்பா. டாக்டரே சொன்னாங்க."

"ஆமாங்க ஐயா," என்றார் டாக்டர். "நெறைய பேர் பயந்துகிட்டுச் சொல்ல மாட்டாங்க. என்ன தின்னுச்சுன்னு தேடித் தேடியே எங்களுக்குப் பாதி நேரம் போயிடும்."

பிளாஸ்க்கில் காபி இருந்தது. முருகவேல் எழுந்து, மூடியில் ஊற்றி முதலில் டாக்டருக்குக் கொடுத்தார். டாக்டர் ஒரு வாய் குடித்தார். கண்ணை இரண்டு முறை இமைத்தார்.

"சர்க்கரை கொஞ்சம் ஜாஸ்தியோ?"

"இன்னும் ஒருத்தர் கூட அப்படிச் சொல்லலீங்களே. நாப்பது அம்பது பேரு குடிச்சாங்க," என்றார் முருகவேல்.

ஆர்த்தி குடித்தாள். அது காபிப் பாயசம். குமரேசன் மூடியை வாங்கி, கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் ஊத்துப்பா," என்றான்.

ஐந்து மணிக்கு டாக்டர் அனுப்பி வைத்தார். இருட்டான, சத்தமில்லாத இடத்தில் படுக்க வைக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை வெளியே நடத்த வேண்டும். தூங்கினால் எழுப்ப வேண்டாம், தூக்கம் நல்ல அறிகுறி. காலையில் ஒரு முறை கொண்டு வந்து காட்ட வேண்டும்.

ஆட்டோ சந்துக்குள் திரும்பியபோது கடை வாசலில் இன்னும் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். ஆர்த்தி இறங்கி, வாசலைப் பார்த்துத் திகைத்தாள். இரண்டு நிலைக்கும் குறுக்கே, அவள் முந்தின நாள் வாங்கி வைத்திருந்த சிவப்பு ரிப்பன், கட்டியது கட்டியபடி வெட்டாமல் இருந்தது.

"ரிப்பனை வெட்டலையா அத்தை?"

தங்கம்மாள் கணவனைக் கை காட்டினார். "அவரைக் கேளு. கடைக்காரங்க வந்துதான் வெட்டணும்னு பிடிவாதம். வந்தவங்க எல்லாம் குனிஞ்சு குனிஞ்சுதான் உள்ள போனாங்க, வந்தாங்க. எங்க அண்ணனுக்கு இடுப்பு புடிச்சிக்கிச்சு."

"குனிஞ்சா இன்னா?" என்றார் முருகவேல். "கோயிலுக்குள்ள குனிஞ்சுதானே போறாங்க."

கத்திரிக்கோலைத் தேடி எடுத்து வந்தார்கள். எச்சில் கறை காய்ந்த பட்டுச் சேலையோடு ஆர்த்தியும், நாய் முடி ஒட்டிய சட்டையோடு குமரேசனும் சேர்ந்து பிடித்து வெட்டினார்கள். வெட்டுவதற்கு முன்பே சிக்கரி ரிப்பனுக்கு அடியில் தலைகூடக் குனியாமல் நுழைந்து, யாரையும் பார்க்காமல், நேராகப் பின்னறைக்குப் போய்ப் படுத்துவிட்டது.

ஆறு மணிக்கு அதை வெளியே நடத்தக் குமரேசன் பட்டையைப் பிடித்தான். முருகவேலும் செருப்பைப் போட்டுக்கொண்டு கூடவே கிளம்பினார். சந்து முனை வரை போய்த் திரும்பினார்கள். ஏழு மணிக்கும் அப்படியே. கடைக்குள் மேசை துடைத்துக்கொண்டிருந்த ஆர்த்திக்கு அவர்கள் பேசியது கேட்கவில்லை. மாமனார் கையை நீட்டி ஏதோ அளவு காட்டுவதும், குமரேசன் தலையாட்டுவதும் தெரிந்தது. தூளின் அளவாக இருக்கலாம். சாமந்திப் பாத்தியாகவும் இருக்கலாம்.

எட்டு மணிக்கு இருவரும் பின்னறைக் கதவைத் திறந்து பார்த்தார்கள். சிக்கரி நான்கு காலையும் நீட்டிக்கொண்டு ஆழ்ந்து தூங்கியது. நெஞ்சு சீராக ஏறி இறங்கியது. எழுப்ப வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முருகவேல் சத்தமில்லாமல் கதவைச் சாத்தினார். பிறகு அப்பாவும் மகனும் வாசலுக்கு வந்து செருப்பை மாட்டிக்கொண்டு, நாய் இல்லாமலேயே சந்து முனை வரை நடக்கப் போனார்கள்.